தருமபுரிக்கு எதற்கு ஐரோப்பா?

“ஐரோப்பாவா? அது எங்கே இருக்கிறது? அரூருக்கு அப்பாலா, பாலக்கோட்டுக்குப் பக்கத்திலா?”

தருமபுரிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் ஒரு நண்பர் இப்படிக் கேட்டார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். பல்கலைக்கழகங்களிலே இப்போது ஒரு வாரம், இரண்டு வாரம் என்று குறுகிய காலப் பாடம் நடத்துகிறார்கள். இன்றைய ஐரோப்பாவின் அரசியல் சிக்கல்களை அந்தச் சில நாட்களில் சுருக்கிச் சொல்லித் தருகிறார்கள். அப்படிப்பட்ட பாடம் நம் மாவட்டத்துக்கும் வரவேண்டும் என்று நாம் சொன்னதுதான் அந்தக் கேள்விக்குக் காரணம்.

கேட்டவர் பட்டுக்கூடு அங்காடியில் மூட்டை தூக்குபவர். விவரம் தெரியாதவரல்லர்; வேதனை தெரிந்தவர். “மழை இல்லை. கிணற்றில் நீர் இல்லை. பையன் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்டான். இதற்கு நடுவில் ஐரோப்பா எங்கிருந்து வந்தது?” என்று அடுத்த கேள்வியையும் போட்டார்.

நியாயமான கேள்வி. மாடமாளிகையிலிருந்து வந்த கேள்வியானால் நகைத்துவிட்டு நகர்ந்திருப்போம். மூட்டை சுமக்கும் தோளிலிருந்து வந்த கேள்வி. விடை சொல்லாமல் நகர முடியாது.

எங்கிருந்து வந்தது? 1792-லேயே வந்துவிட்டது, தோழர்களே!

அந்த ஆண்டில் சீரங்கப்பட்டினத்தில் ஓர் உடன்படிக்கை. மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான் தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். இழந்த நிலத்தில் ஒன்று பாராமகால். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அதைச் சேர்ந்தவை. அதற்கு நான்காண்டு முன்பு, 1788-ல், திப்புவின் தூதர்கள் கடல் கடந்து பிரெஞ்சு நாடு சென்றனர். பதினாறாம் லூயி மன்னனைக் கண்டனர். படைத்துணை கேட்டனர். வரவேற்பு இருந்தது, வாழ்த்து இருந்தது, கருவூலத்தில்தான் காசு இல்லை! வெறுங்கையோடு திரும்பினர் தூதர்கள். மறு ஆண்டே புரட்சி வெடித்தது அங்கே. திப்பு தோற்றதற்கு அது ஒன்றே காரணம் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் பாரிசில் கருவூலம் காய்ந்ததற்கும், பாராமகாலில் கொடி மாறியதற்கும் இடையே ஒரு நூல் ஓடியது. அந்த நூல் நம் பாட்டன் கண்ணுக்குத் தெரியவில்லை. வரி கேட்டு வந்தவன் முகம் மட்டுமே தெரிந்தது.

வந்தவர்கள் என்ன செய்தார்கள்? அலெக்சாண்டர் ரீடு என்ற படைத்தலைவர். அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோ. 1792 முதல் 1799 வரை மன்றோ இந்த மண்ணில் பணியாற்றினார். வயல் வயலாக அளந்தனர். நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, எந்த நிலம் என்ன விளையும், எவன் எவ்வளவு கட்டுவான் என்று கேட்டுக் கேட்டு எழுதினர். ‘பாராமகால் ஆவணங்கள்’ என்று பிற்காலத்தில் பல பகுதிகளாக அச்சேறும் அளவுக்கு எழுதிக் குவித்தனர். இங்கே கற்ற பாடத்தைக் கொண்டு இரயத்துவாரி முறையை வகுத்தனர். 1820-ல் அதே மன்றோ சென்னை மாகாணத்தின் ஆளுநராக அமர்ந்தார். மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் அந்த முறை பரவியது.

அவன் நம்மைப் படித்தான். படித்தான், ஆண்டான். நாம் அவனைப் படித்தோமா?

படிக்க இன்று வழி இல்லாமல் இல்லை. தில்லியில் சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஐரோப்பியக் கல்விக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. 2015-ல் ஒன்றிய அரசு ‘கியான்’ என்றொரு திட்டம் தொடங்கியது. வெளிநாட்டுப் பேராசிரியர்களை அழைத்து வந்து, ஒரு வாரமோ இரண்டு வாரமோ இந்திய மாணவர்களுக்குப் பாடம் நடத்தச் செய்வது அதன் நோக்கம். ஐரோப்பிய ஒன்றியமும் தன்னைப் பற்றி உலகம் படிக்கவேண்டும் என்று பணம் ஒதுக்குகிறது. ‘ழான் மோனே’ திட்டம் என்று அதற்குப் பெயர். அத்திட்டத்தின்கீழ் ஒரு பாடம் வைக்க விரும்பும் கல்லூரி, ஓராண்டில் குறைந்தது 40 மணி நேரம் அதைக் கற்பிக்க வேண்டும்.

அந்த மோனே யார் தெரியுமா? பிரான்சில் கொன்யாக் என்ற ஊரில் பிராந்தி வணிகர் வீட்டில் பிறந்தவர். பதினாறு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வணிகத்துக்குப் போனவர். இரண்டு உலகப் போர்களைக் கண்டவர். சண்டைக்குத் தேவை நிலக்கரியும் எஃகும். அவ்விரண்டையும் பகை நாடுகள் பொதுவில் வைத்துவிட்டால் துப்பாக்கி வார்ப்பது எப்படி என்று எண்ணியவர். 1950 மே 9-ல் பிரெஞ்சு அமைச்சர் ஷூமன் வெளியிட்ட அறிக்கைக்குப் பின்னால் இருந்த மூளை அவருடையது. 1951-ல் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. அந்த விதைதான் இன்று 27 நாடுகளின் ஒன்றியமாகக் கிளைத்திருக்கிறது. பல்கலைக்கழகப் பட்டம் பெறாத ஒருவர் பெயரில் பல்கலைக்கழகங்களில் பாடம்!

நமக்கு இது புதிதல்ல. பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்ட ஈரோட்டுக்காரர் ஒருவர் பெயரில் நமக்கும் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1997 செப்டம்பர் 17-ல் சேலத்தில் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகம் அது. தருமபுரி மாவட்டமும் அதன் எல்லைக்குள்தான். பைசுஅள்ளியில் அதன் முதுகலை மையம் இருக்கிறது. அந்தப் பெரியார் 1931 டிசம்பரில் கப்பலேறினார். எகிப்து, கிரேக்கம், துருக்கி, சோவியத் ரஷ்யா, செருமனி, இங்கிலாந்து, ஸ்பெயின், பிரான்சு என்று ஊர் ஊராகச் சுற்றினார். இங்கிலாந்தில் தொழிலாளர் கூட்டத்திலே நின்று, தொழிற்கட்சி ஆட்சியின் இந்தியக் கொள்கையை அவர்கள் முகத்துக்கு நேரே கண்டித்தார். 1932 நவம்பரில் ஈரோடு திரும்பினார். ஏறத்தாழப் பதினோரு மாதப் பாடம்! தேர்வு எழுதவில்லை, சான்றிதழ் வாங்கவில்லை. கண்டதை வந்து ஊருக்குச் சொன்னார். அவர் புறப்படும் முன்பே, 1931-ல், மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய அறிக்கை ‘குடிஅரசு’ ஏட்டில் தமிழாகி வந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவைத் தமிழில் படிக்க முடியுமா என்று ஐயப்படுவோர் அந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளட்டும்.

ஏன் இதைச் சொல்கிறோம்? பாடம் இருக்கிறது, பாடம் நடக்கும் அறைக்குள் நம் பிள்ளை இல்லை! தில்லிக்குப் போகும் தொடர்வண்டிக் கட்டணம் ஒரு தடை. ஆங்கிலம் இரண்டாம் தடை. ‘இது நமக்கில்லை’ என்ற எண்ணம் மூன்றாவது. அதுதான் பெரிய தடை. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 68 விழுக்காடு. தமிழ்நாட்டின் மாவட்டங்களிலேயே கடைசி இடம் அன்று நமக்கு. கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டவனுக்குத்தான் கரும்பலகையில் எழுதியது சரியாகத் தெரிவதில்லை. அவனுக்காக எழுத்தைப் பெரிதாக எழுதவேண்டாமா?

எழுதியிருக்கிறார்கள், வேறொரு நாட்டில். டென்மார்க்கில் 1844-ல் ரோடிங் என்ற சிற்றூரில் ஒரு பள்ளி திறந்தார்கள். மக்கள் உயர்பள்ளி என்று பெயர். குருண்ட்விக் என்ற அறிஞரின் எண்ணத்தில் முளைத்தது. மாணவர்கள் யார்? உழவர் வீட்டு இளைஞர்கள். எப்போது பாடம்? வயலில் வேலை இல்லாத குளிர்கால மாதங்களில். தேர்வு? கிடையாது. மொழி? ஆதிக்கம் செலுத்திய செருமானிய மொழி அன்று, தாய்மொழியாம் டேனிஷ். வரலாறு, நாட்டு நடப்பு, ஆட்சிமுறை என்று சொல்லித் தந்தார்கள். அத்தகைய பள்ளிகள் நாடெங்கும் பரவின. 1882-ல் தொடங்கிய கூட்டுறவுப் பால் பண்ணை இயக்கத்துக்குத் துணிவும் தெளிவும் தந்தவை அவையே என்று அந்நாட்டு வரலாறு பெருமையோடு பேசுகிறது. குறுகிய காலப் பாடம் குப்பையல்ல, தோழர்களே. கூர்மையாக நடத்தினால் ஒரு நாட்டையே நிமிர்த்தும்.

சரி, தருமபுரியில் அப்படியொரு பாடம் ஐந்து மாலை நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வேலை முடிந்து வந்து அமர்கிறோம். என்ன சொல்லித் தருவார்கள்?

முதல் மாலை, சேர்ந்ததும் பிரிந்ததும். ஆறு நாடு இருபத்தெட்டாக வளர்ந்த கதை. அதிலிருந்து பிரிட்டன் விலகிய கதை. 2016 சூன் 23-ல் வாக்கெடுப்பு. விலகுவோம் என்றவர் 51.9 விழுக்காடு. 2020 சனவரி 31-ல் வெளியேறினர். அந்தப் பரப்புரையில் ஒரு சிவப்புப் பேருந்து ஊர் ஊராக ஓடியது. ‘வாரந்தோறும் 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம்’ என்று அதன் பக்கவாட்டில் எழுத்து. பிரிட்டனுக்குக் கிடைத்த தள்ளுபடியைக் கழிக்காமல் சொன்ன கணக்கு அது. தவறான எண்ணம் தருவது என்று அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையமே கூறியது. கூறி என்ன பயன்? பேருந்து முன்னே போய்விட்டது, திருத்தம் பின்னே நடந்து வந்தது! சுவரில் எழுதுகிற நமக்கு இதில் பாடம் இருக்கிறது. எழுத்துக்கு வலிமை உண்டு. ஆகவே எழுதுவது உண்மையாயிருக்க வேண்டும்.

இரண்டாம் மாலை, மொழி. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகம். டச்சு பேசும் பிளெமிய மண்ணில் இருந்தும் பிரெஞ்சு மொழிக்கும் அங்கே இடம். 1968-ல் பிளெமிய மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அமைச்சரவை கவிழ்ந்தது, பல்கலைக்கழகமே இரண்டாயிற்று, பிரெஞ்சுப் பிரிவு புதிதாய் எழுப்பிய ஊருக்குக் குடிபெயர்ந்தது. அதே 1968 சனவரியில்தான் நம் சட்டமன்றம் இருமொழித் தீர்மானம் நிறைவேற்றியது! இரண்டும் ஒரே ஆண்டு. ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். மால்டா என்றொரு தீவு. மக்கள் தொகை ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேல். நம் தருமபுரி மாவட்டத்தில் மட்டும் 2011-ல் 15 இலட்சம் பேர். மால்டா 2004-ல் ஒன்றியத்தில் சேர்ந்தது. சேர்ந்த அன்றே அத்தீவின் மொழி ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்று. இன்று அங்கே 24 ஆட்சிமொழிகள். அவ்வளவு மொழி இருந்தால் ஒற்றுமை குலையும் என்று அச்சுறுத்துவோர் அங்கே சென்று பார்க்கட்டும். அங்கும் சச்சரவு உண்டு, செலவு உண்டு. ஆனால் மால்டாக்காரன் தன் மொழியில் மனு எழுதுகிறான். தன் மொழியில் பதில் வாங்குகிறான். இங்கே தமிழ் இன்னும் ஒன்றிய அரசின் ஆட்சிமொழி இல்லை.

மூன்றாம் மாலை, வந்தவர்களும் வெறுப்பவர்களும். 2015-ல் போருக்கும் கொடுமைக்கும் தப்பிக் கடல்வழி ஐரோப்பா சேர்ந்தோர் பத்து இலட்சத்துக்கு மேல். வழியில் மூழ்கி மாண்டோர் ஆயிரக்கணக்கில். சிலர் கதவு திறந்தனர். சிலர் கம்பிவேலி கட்டினர். ‘உன் கூலி குறைந்ததற்குக் காரணம் வந்தவன்’ என்று சொல்லும் கட்சிகள் கொழுத்தன. செருமனியில் 2013-ல் பிறந்த அப்படியொரு கட்சி, 2025 பிப்ரவரித் தேர்தலில் 20.8 விழுக்காடு வாக்குடன் இரண்டாம் இடம் பிடித்தது. ஹிட்லரைக் கண்ட மண்ணிலே இது!

“அது அங்கே” என்று சொல்லித் தப்ப முடியுமா நாம்? 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டனர். 2016 செப்டம்பரில் அங்கே தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. அன்று ‘வந்தவன்’ யார்? நாம்! 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காட்சிகள் கைப்பேசி வழியே பரவின. அஞ்சிய ஏழைகள் மூட்டை கட்டித் தொடர்வண்டி நிலையத்துக்கு ஓடினர். அன்று ‘வந்தவன்’ அவன். பெங்களூரில் சாரம் ஏறும் நம் பையனும், இங்கே சாரம் ஏறும் பீகார்ப் பையனும் ஒரே கயிற்றில் தொங்குகிறார்கள்.

இன்னும் நெருங்கியும் பார்க்கவேண்டும். 2012 நவம்பர் 7. இதே மாவட்டம், நாயக்கன்கொட்டாய். நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி என்ற மூன்று குடியிருப்புகளில் ஒடுக்கப்பட்ட மக்களின் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, தீக்கிரையாயின. சாதி கடந்த ஒரு காதல் மணத்தை ஒட்டி எழுந்த வெறி! அங்கே யாரும் வெளிநாட்டிலிருந்து வந்தவரல்லர். பக்கத்து ஊர், ஒரே சந்தை, ஒரே மொழி. ஐரோப்பாவின் வெறுப்பைப் படிக்கும்போது நம் முகம் அந்தக் கண்ணாடியில் தெரியும். தெரியட்டும். தெரியத்தான் பாடம்.

நான்காம் மாலை, போரும் விலையும். 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யப் படை உக்ரைன்மீது பாய்ந்தது. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் 40 விழுக்காட்டுக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. குழாயை நம்பிக் குளிர்காயப் பழகியவர்கள் குழாய் அடைபட்டதும் நடுங்கினர். நம் நாட்டுக்கு வந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைன் எண்ணெய். இங்கே வாணலியில் ஊற்றும் கை சுருங்கியது. உர விலை உலகெங்கும் ஏறியது. தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் படிக்கச் சென்ற பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் குண்டு மழைக்கிடையே தவித்துத் திரும்பினர். கீவ் நகரில் குண்டு விழுந்தால் கடத்தூரில் ஒரு தாய் தூங்கவில்லை என்றால், இரண்டு ஊருக்கும் இடையே தூரம் எங்கே?

ஐந்தாம் மாலை, கரியும் வரியும். இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்டு, உரம் போன்றவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பினால், அவற்றை உருவாக்கும்போது எவ்வளவு கரிவளி வெளியேறியது என்று கணக்குக் காட்டவேண்டும். 2023 அக்டோபரில் கணக்குக் கேட்கத் தொடங்கினர். 2026 சனவரி 1 முதல் அந்தக் கரிக்கு விலையும் உண்டு. காற்றைக் காக்க என்கிறார்கள் அவர்கள். ‘இருநூறு ஆண்டு புகை கக்கிச் செல்வம் சேர்த்தவன், இப்போது எஃகு உருக்கக் கற்றவனிடம் அபராதம் கேட்பதா?’ என்கிறோம் நாம். இரண்டிலும் உண்மை உண்டு. சேலத்தில் எஃகு ஆலை இருக்கிறது. அதன் வாயிலில் சங்கக் கொடி இருக்கிறது. உலையை மாற்றும் செலவு யார் தலையில் விடியும், முதலாளி தலையிலா, தொழிலாளி தலையிலா என்று சங்கத் தோழர் கேட்கவேண்டுமானால், பிரசல்ஸ் நகரில் எழுதிய விதி என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாவிட்டால், ‘ஐரோப்பாக்காரன் வரி போட்டான், ஆள் குறைப்பு’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது தலையாட்டுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

ஐந்து மாலை! அவ்வளவுதான். ஐந்து மாலையில் அறிஞராகிவிடுவோம் என்று ஆசை காட்ட மாட்டோம். கேள்வி கேட்கக் கற்போம். செய்தித்தாளின் நான்காம் பக்கத்தைத் தாண்டிச் செல்லாமல் நின்று படிக்கக் கற்போம். போதும், அங்கிருந்து நடந்துவிடலாம்.

நாம் கேட்பது பெரிதல்ல. பெரியார் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம், தன் தருமபுரி மையத்தில், ஆண்டுக்கு ஒரு முறையேனும், மாலை நேரத்தில், தமிழில், கட்டணமின்றி, பட்டம் கேட்காமல், இப்படியொரு பாடம் நடத்தட்டும். பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசினால் பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்லட்டும். பிரசல்சில் 24 மொழிக்கு முடிவது பைசுஅள்ளியில் ஒரு மொழிக்கு முடியாதா? கல்லூரி மாணவரோடு கட்டடத் தொழிலாளியும் உட்காரட்டும். பெண்கள் வரத்தக்க நேரமாக இருக்கட்டும். குழந்தையோடு வந்தாலும் இடம் இருக்கட்டும்.

பல்கலைக்கழகம் வரும்வரை கைகட்டிக் காத்திருக்கவும் வேண்டாம். ஊருக்கு ஊர் படிப்பகம் கண்டவர்கள் நாம். ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்ட காலம் நமக்குண்டு. மேடையில் வால்டேரும் ரூசோவும் மாஜினியும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நம் தந்தையருக்கு அறிமுகமானார்கள். அந்த விளக்கு அணைந்து எத்தனையோ ஆண்டாகிறது. இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசியின் வெளிச்சம். அதில் பொய்யும் வரும், மெய்யும் வரும். பிரித்துப் பார்க்கப் பயிற்சி வேண்டும். கிளைக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். வரைபடம் ஒன்று சுவரில் மாட்டுங்கள். படித்த பிள்ளையை ஒரு நாட்டைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். கேள்வியைப் படிக்காதவர் கேட்கட்டும். அவர் கேள்விதான் கூர்மையாக இருக்கும். தேநீர்க் கடை நண்பரின் கேள்வியே சான்று.

அந்த நண்பரை மறுநாளும் சந்தித்தோம். மன்றோவின் கதையைச் சொன்னோம். உக்ரைன் எண்ணெயைச் சொன்னோம். பட்டுக்கூடு சுமப்பவராயிற்றே என்று, பிரான்சில் லியோன் நகரப் பட்டு நெசவாளர் கூலி உயர்வு கேட்டு 1831-ல் கிளர்ந்தெழுந்து, அந்த நகரையே சில நாள் கையில் வைத்திருந்த கதையையும் சொன்னோம். தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“கூலி கிடைத்ததா?”

“படை வந்து அடக்கிவிட்டது. 1834-ல் மீண்டும் எழுந்தார்கள், மீண்டும் அடக்கினார்கள்.”

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

“அந்தப் பாடம் எந்தக் கிழமை வைப்பீர்கள்? அங்காடி விடுமுறை நாளாய்ப் பார்த்து வையுங்கள். நான் வருகிறேன்.”

தோழர்களே, நாள் குறிப்போமா?